இருபது லிட்டர் கடல்

எங்கள் வீட்டு பிரிட்ஜைச் சரிசெய்துவிட்டுப் போனவர் மறுநாள் காலையில் மறுபடி வந்து கதவைத் தட்டினார். ஸ்பேனர் எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

"டீச்சர், நேத்து ஒரு விஷயம் சொல்லாமப் போயிட்டேன். கூலிங் பிடிக்குதான்னு பாக்க ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன்ல, அப்ப உள்ள டப்பாவுல இருந்த மைசூர்பாக்குல ஒண்ணு எடுத்துத் தின்னுட்டேன்."

டப்பாவில் எத்தனை இருந்தது என்றே எனக்குத் தெரியாது. "அதனால என்னண்ணே" என்றேன். அவர் நகரவில்லை.

"ஒண்ணுன்னு சொன்னது தப்பு டீச்சர். ஒண்ணரை. முதல்ல பாதிதான் எடுத்தேன். நல்லா இருந்துச்சு. அப்புறம் முழுசா ஒண்ணு."

சொல்லிவிட்டு நிம்மதியாகப் படியேறிப் போனார். மரைன் ஹில்லில் நாங்கள் கீழ்வீடு, அவர்கள் மாடி. அபர்டீன் பஜாரில் ஒரு சந்துக்குள் பிரிட்ஜ், ஏசி ரிப்பேர் கடை வைத்திருந்தார். பரமக்குடிப் பக்கம் சொந்த ஊர். கப்பலேறித் தீவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மகள்கள் இருவரும் மெயின்லேண்டில் கல்லூரியில் படித்தார்கள். வீட்டில் அவரும் அவர் மனைவியும்தான். அவரை நான் அண்ணன் என்பேன், அவர் மனைவியை மதினி என்பேன். இரண்டு பேருக்கும் நான் டீச்சர்.

மனுஷர்கள் பொய் சொல்லாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்காதபோதே தேடிப்போய் உண்மையைச் சொல்லிவிட்டு வருகிற ஆளை அண்ணனிடம்தான் பார்த்தேன். "சொல்லிட்டா வயிறு லேசாயிரும் டீச்சர்" என்பார். ஓட்டைவாய் என்பது மதினியின் தீர்ப்பு.

ஒருநாள் மணிக்கூண்டுப் பக்கம் அவசரத்தில் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் ஸ்கூட்டரை விட்டுவிட்டார். போலீஸ்காரர் அந்தப் பக்கம் திரும்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. அதோடு விட்டாரா? வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தே திரும்பி வந்து, "பாய் சாப், இப்பத்தான் நான் ராங் சைடுல வந்தேன்" என்று இந்தியில் சொல்லியிருக்கிறார். போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு "தோ?" என்றாராம். அதுக்கென்ன இப்போ என்று அர்த்தம். அதற்கு மேல் என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில் போலீஸ்காரரே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார்.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த நான் ஒருநாள் நன்றாக மாட்டிக்கொண்டேன். என் கணவருக்கு ஒருநாள் லீவு கிடைத்தது. நானும் பள்ளிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அவரோடு படகில் ஹாவ்லாக் தீவுக்குப் போய் வந்தேன். அன்றைக்கென்று பார்த்துப் பள்ளியின் வாட்டர் கூலர் பழுதாகி அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியர் பெங்காலி, நல்ல மனுஷர். "உங்க வீட்டு டீச்சருக்கு ரொம்பக் காய்ச்சலாமே" என்று கரிசனமாகக் கேட்டிருக்கிறார். "இல்ல சார், காலையில படகு ஏர்ற ஜெட்டியில பாத்தேன், தொப்பி எல்லாம் போட்டு நல்லாத்தான் இருந்தாங்க" என்று நம்மவர் பதில் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் நாங்கள் வந்து இறங்கியதும் வாசலிலேயே நின்று எனக்கும் அதைச் சொல்லிவிட்டார். ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அவர் மட்டும் தினமும் படியிறங்கும்போது "டீச்சர், கோவமா இருக்கீங்கன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போவார். எவ்வளவு நாள்தான் சிரிக்காமல் இருக்க முடியும்?

கடலடி கேபிள் வந்து போனில் வீடியோ தடங்கலில்லாமல் ஓட ஆரம்பித்த பிறகு அண்ணனுக்குப் புதுப் பைத்தியம் பிடித்தது. குள்ளக் கடல்குதிரை. கட்டைவிரல் நகம் அளவு. ஒரு புல்லை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பெரிய மனுஷத்தனமான முகத்தோடு அது ஆடாமல் அசையாமல் நிற்கிற வீடியோவை எனக்கு மட்டும் ஆறு தடவை காட்டியிருப்பார்.

"சுத்திக் கடல் டீச்சர். இருபது வருஷமாச்சு, முழங்கால் தண்ணியில கூட எறங்குனதில்ல. நீச்சல் தெரியாது. கடலுக்குள்ள என்ன இருக்குன்னு மீன் மார்க்கெட்டுலதான் பாத்திருக்கேன். ஒண்ணே ஒண்ணு உசுரோட வீட்டுல இருந்தா நல்லா இருக்கும்ல."

தொட்டி வேலை தொடங்கியது. பெரிய தொட்டி வைப்பார் என்று நினைத்தேன். இருபது லிட்டர் போதும், அதற்குமேல் கூடாது என்றார். அந்தக் குதிரைக்கு ஓடிப்போய் இரை பிடிக்கத் தெரியாதாம். பெரிய தொட்டியில் விட்டால் இரை ஒரு மூலையிலும் குதிரை ஒரு மூலையிலுமாக இருந்து பட்டினியில் செத்துவிடும். சாப்பாடு மூக்குக்கு நேராக மிதந்து வர வேண்டும். "என்னைய மாதிரிதான்" என்றார். மதினி தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

கண்ணாடியைப் பஜாரில் அளவு கொடுத்து வெட்டி வாங்கி, சிலிக்கான் பசை வைத்து அவரே ஒட்டினார். பசை காய்கிற வரை மாடிப்படி முழுக்கப் புளித்த வாடை. பிறகு ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி, கீழே செய்தித்தாள் விரித்து, ஒரு சொட்டாவது ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஒரு மூலையில் ஒரு சொட்டு ஒழுகியது. யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் மதினியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் மறுபடி ஒட்டினார்.

ஜெட்டிப் படியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாளியில் கடல்நீர் மொண்டு, கேனில் ஊற்றி ஸ்கூட்டரில் கொண்டுவருவார். வேட்டித்துணியில் வடிகட்டித்தான் தொட்டியில் விடுவார். தண்ணீர் சூடாகக் கூடாது என்று பழைய கம்ப்யூட்டரிலிருந்து சின்ன விசிறி ஒன்றைக் கழற்றி மேலே மாட்டினார். விசிறிக் காற்றில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. அதனால் தினமும் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைச் சரிக்கட்ட வேண்டும். மரைன் ஹில்லில் குழாய்த் தண்ணீர் வருவதே மூன்று நாளைக்கு ஒருமுறை.

"இருக்கறது நாலு கொடம். அதுல வராத குதிரைக்கு ஒரு பங்கு" என்றார் மதினி.

அடுத்து, தொட்டி பழுக்க வேண்டுமாம். ஓர் இறாலைப் போட்டு அழுகவிட்டார். அழுகலைத் தின்கிற கிருமி தொட்டிக்குள் வளர்ந்து நிலைத்த பிறகுதான் குதிரையை விடலாம். ஒன்றரை மாதம் ஆனது. தினமும் சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டு, பச்சையா மஞ்சளா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மஞ்சளானால் பழுத்துவிட்டது என்று கணக்கு. அது மஞ்சளான அன்று எனக்கு லட்டு வந்தது. குட்டிகளை உறிஞ்சிவிடாத பஞ்சு பில்டர், வால் சுற்றிக்கொள்ளக் கயிற்றுத் துண்டுகள், கரண்டு போனால் ஓட பேட்டரிக் காற்று மோட்டார் என்று எல்லாம் தயார். பக்கத்தில் ஒரு சோடா பாட்டிலை அடி வெட்டிக் கவிழ்த்து வைத்து அதில் பொடி இறால் முட்டையைப் பொரிக்க விட்டிருந்தார். ஒருநாள் கழித்து ஆரஞ்சுப் பொடி போல உயிர் துள்ளும். குதிரைக்கு இரைப்பையே கிடையாது, தின்றது தங்காது, நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும் என்றார். சாப்பாடு வந்துவிட்டது, சாப்பிடத்தான் ஆள் இல்லை.

இந்தத் தீவில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், கடற்கரையில் ஒரு சங்கு, ஒரு பவளத்துண்டு எடுத்துக்கொண்டு போக முடியாது. ஏர்போர்ட்டில் பையைப் பிரித்து எடுத்துக்கொண்டு விடுவார்கள். அதனால் எங்கள் எல்லோருக்கும் மனத்தில் ஒரு சட்டம் பதிந்திருந்தது: இங்கேயிருந்து அங்கே போனால் குற்றம், அங்கேயிருந்து இங்கே வந்தால் ஒன்றுமில்லை. அரிசி, பருப்பு, சிமெண்டு எல்லாம் மெயின்லேண்டிலிருந்துதானே கப்பலில் வருகிறது? சென்னையில் தொட்டிமீன் விற்கிற ஒருவர், தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த குள்ளக் குதிரை ஒரு ஜோடி ஏற்பாடு செய்யலாம் என்று போனில் சொல்லியிருந்தார். அண்ணனும் நம்பினார், படித்த நானும் நம்பினேன்.

வேறு யாராக இருந்தாலும் வரவழைத்திருப்பார்கள். அண்ணன் வனத்துறை அலுவலகத்துக்குப் போய், "வரப்போகுது, முன்னாடியே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அங்கிருந்த அதிகாரி பெங்காலி குடும்பத்துக்காரர், தீவிலேயே பிறந்தவர். பொறுமையாக உட்காரவைத்து விளக்கியிருக்கிறார். கடல்குதிரைக்கும் புலிக்கும் வனவிலங்குச் சட்டத்தில் ஒரே அட்டவணை. கடலில் பிடித்தாலும், தொட்டியில் பிறந்தாலும், சென்னையிலிருந்து வந்தாலும் வீட்டில் வைத்திருந்தால் சிறை.

அண்ணன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"புலி டீச்சர். நகம் சைஸுக்கு இருக்கு, அது புலியாம்."

சென்னைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் தொட்டியைக் கலைக்க மனம் வரவில்லை. பழுத்த தொட்டியை எப்படிக் கொட்டுவது என்றார். வாராவாரம் கடல்நீர் மாற்றுவதும், உப்புப் பார்ப்பதும், இறால் பொரிப்பதும் நடந்துகொண்டே இருந்தன. பொரித்த இறாலை ஜெட்டியில் கொண்டுபோய்க் கொட்டுவார். வெறும் தண்ணீரின் முன்னால் நாற்காலி போட்டு ஒரு மனுஷர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஒரு வாரம் வடிகட்டும்போது துணியில் ஒரு கொத்துப் பாசி தங்கியது. தொட்டி மொட்டையாக இருக்கிறதே என்று அதை உள்ளே போட்டார். மறுநாள் மதினி வீடு பெருக்கும்போது குனிந்து பார்த்துவிட்டு, "என்னங்க, தொட்டியில பல்லிக்குஞ்சு விழுந்து கெடக்கு" என்று கூப்பிட்டார்.

என்னையும் கூப்பிட்டார்கள். ஓடினேன். பாசியை வாலால் பிடித்துக்கொண்டு, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாமல், பாசியின் நிறத்திலேயே அது நின்றது. வயிறு உப்பியிருந்தது. பொடி இறால் அருகில் வந்தால் தலையை ஒரு சொடுக்கு. இறால் இருக்காது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து மூச்சு விடாமல் பார்த்தோம்.

"ஆம்பளை. குட்டி சுமக்குது. இதுகள்ல ஆம்பளைதான் சுமந்து பெத்துக்கும்" என்றார் அண்ணன்.

"நல்ல ஏற்பாடு" என்றார் மதினி.

அண்ணன் எழுந்து சட்டையை மாட்டினார். எங்கே என்று கேட்கவே வேண்டியதில்லை. நான்தான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளுக்கு நீதிக்கதை நடத்துகிற நான்தான் இதைச் சொன்னேன்: "அண்ணே, நீங்களா பிடிச்சீங்க? அதுவா வந்துச்சு. உங்களவிட நல்லா இத யாரு பாத்துப்பா? குட்டி போடற வரைக்குமாவது யார்கிட்டயும் சொல்லாதீங்க."

எனக்கும் அதைப் பார்க்க ஆசை. அதுதான் உண்மை. ஆனால் அவருடைய நன்மைக்குச் சொல்வது போலச் சொன்னேன். அவர் குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மூன்று நாள். அந்த மூன்று நாளில் அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். கடையைத் திறக்கவில்லை. கடைக்குப் போனால் யாராவது "என்ன விசேஷம்" என்று கேட்டுவிடுவார்களே. என் தலைமையாசிரியர் தெருவில் வந்தபோது எங்கள் வீட்டுக்குள் புகுந்து அடுப்படியில் நின்றுகொண்டார். போலீஸ் ஜீப் மேட்டில் ஏறிய சத்தம் கேட்டு ஜன்னலைச் சாத்தினார். மற்ற நேரமெல்லாம் தொட்டியின் முன்னால்தான். முகம் மலர்ந்திருக்கும், சோறு மட்டும் இறங்காது. "சிரிப்பும் பட்டினியும் ஒரே ஆளுக்கா" என்று மதினி என்னிடம் வந்து அழுதுவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனுஷர் ஆயுசில் ஒளிக்காமல் சொல்லிவிடுவது என்ற ஒன்றைத்தான் கெட்டியாக வைத்திருந்தார், அதைப் பிடுங்கியவள் நான்.

நாலாம் நாள் காலையில் கழுவிக் கழுவி வாசம் போக்கிய ஊறுகாய் ஜாடியில் தொட்டித் தண்ணீரை ஊற்றி, பாசியோடு குதிரையை எடுத்து வைத்து, பேட்டரி மோட்டாரையும் சொருகிக்கொண்டு இறங்கி வந்தார். "போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன் டீச்சர்."

நானும் கூடவே ஆட்டோவில் ஏறினேன். துணைக்கு என்று சொன்னேன். உள்ளுக்குள் வேறு பயம். என் கணவர் சென்ட்ரல் கவர்மெண்டு, நான் அரசுப் பள்ளி. ஒளித்து வைக்கச் சொன்னது இன்னார் என்று இவர் வாயிலிருந்து வந்தால் என்ன ஆகும்? வராமல் இருக்க வழியே இல்லை. பக்கத்தில் இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

மேட்டிலிருந்து இறங்கும் வளைவுகளில் ஆட்டோ குலுங்கும்போதெல்லாம், "ஆராம்ஸே பாய், மெதுவா, கர்ப்பமா இருக்கு" என்று ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். ஓட்டுநர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

அதிகாரி அடையாளம் கண்டுகொண்டார். "அரே, கோடாவாலே" என்றார். குதிரைக்காரரே என்று கூப்பிட்டபடியே ஜாடியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அண்ணன் வாளி, வடிகட்டிய துணி, பாசி, மதினி, பல்லிக்குஞ்சு என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அதிகாரி காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

"கித்னா?" எத்தனை என்று கேட்டார்.

"ஏக்" என்றார் அண்ணன், ஒன்று என்று. பிறகு ஜாடியைப் பார்த்தார். "சார், நில்லுங்க. ஏக் நஹி."

ஜாடிக்குள் கமா அளவில் ஏதேதோ நிமிர்ந்து நின்று மிதந்துகொண்டிருந்தன. ஆட்டோவிலேயே பிரசவம் ஆகியிருக்கிறது. மூன்று பேரும் குனிந்து எண்ணினோம். அதிகாரிக்கு இருபத்து மூன்று, எனக்குப் பத்தொன்பது, அண்ணனுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று. சுமார் இருபது என்று எழுதுகிறேன் என்றார் அதிகாரி. "சுமார்னு சொல்லாதீங்க சார், தப்பாயிரும்" என்று அண்ணன் மன்றாடினார். கடைசியில் பெரியது ஒன்று, குட்டிகள் எண்ண முடியவில்லை என்று எழுதியதும்தான் ஒத்துக்கொண்டார்.

தாமதிக்க வேண்டாம் என்று ஜீப்பில் ஏறினோம். வற்றம், கடல் உள்வாங்கியிருந்த நேரம். ஜெட்டிக்கு அந்தப் பக்கம் கடற்புல் தெரிந்தது. அண்ணன் பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஜாடியை நெஞ்சோடு அணைத்துத் தண்ணீரில் இறங்கினார். இருபது வருஷத்தில் முதல் தடவை. ஜாடியை மெதுவாகச் சாய்த்தார். குட்டிகள் போனது தெரியவே இல்லை. பெரியது மட்டும் பாசியை விட்டுவிட்டு அவர் விரலைச் சுற்றிக்கொண்டது. அவர் உதறவில்லை. குனிந்தபடியே நின்றார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார். எவ்வளவு நேரமோ தெரியாது, அதுவாகவே வாலை அவிழ்த்துக்கொண்டு புல்லுக்குள் போயிற்று. அண்ணன் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

கரைக்கு வந்ததும் ஜீப் பானட்டின் மேல் காகிதத்தை வைத்து அதிகாரி மீதியை எழுதினார். தானாகக் கிடைத்தது, கொண்டுவந்து ஒப்படைத்தார், கடலில் விடப்பட்டது. அது போதும், வழக்கு இல்லை என்றார். ஒரே ஒரு இடம்தான் பாக்கி. கிடைத்தது மூன்று நாள் முன்னால், வந்தது இன்றைக்கு. நடுவில் ஏன் தாமதம்?

"வேலை இருந்ததுன்னு எழுதிக்கறேன்" என்றார் இந்தியில்.

"வேலை ஒண்ணும் இல்ல சார். கடைய மூடிட்டுத் தொட்டி முன்னாடிதான் உக்காந்திருந்தேன்."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். அவரை நன்றாகப் பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பிவிட்டு மறுபடி அவரிடம் கேட்டார். "அன்னிக்கு நாங்க எதுவும் சொல்றதுக்கு முன்னாடியே வந்து நின்ன ஆளு நீங்க. இந்தத் தடவை யாராவது சொன்னாங்களா, வெச்சுக்கோ, சொல்லாதேன்னு?"

சமாளிக்க வந்த நான் செருப்பில் ஒட்டிய மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாத்துக்கிட்டே இருக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு சார்" என்றார் அண்ணன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போதும், அதற்குப் பிறகு என் கணவருக்கு மாற்றலாகி நாங்கள் தீவை விட்டுக் கப்பலேறிய நாளிலும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தெரிந்து அண்ணன் பாதியோடு நிறுத்திக்கொண்ட உண்மை அது ஒன்றுதான். மீதிப் பாதி என்னுடையது. அதை இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.